ஜன்னல் திறக்கத் தேவையில்லாத ஹீற்றர்

நேற்று வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு நிலையத்தில் ஹீற்றருக்கான புரொப்பேன் வாயு நிரப்பிய சிலிண்டரைக் காரில் ஏற்றும்போது அந்த மணம் மூக்கில் அடித்தது. அழுகிய கோவா இலை மணம். குழாயைக் கழற்றும்போது கொஞ்சம் வெளியே வருவது வழமைதான், ஒன்றுமில்லை என்றார் நிரப்பித் தந்தவர். ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களை நான் இப்போது இலேசில் நம்புவதில்லை. சிலிண்டரை இறக்கச் சொல்லி, சவர்க்காரத் தண்ணீர் கேட்டு வாங்கி, வால்வைச் சுற்றி ஊற்றி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். வரவில்லை. பின்னால் காத்து நின்றவர் ஹோர்ன் அடித்தார். நீர் என் பக்கத்தில் நின்றிருந்தால் அவரை ஒரு பார்வை பார்த்திருப்பீர்.

உமக்கு யார் சொல்லிலும் நம்பிக்கை இருந்ததில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டிய அத்தனை வருடமும், எல்லாப் பிள்ளைகளும் இறங்கிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும், பின் இருக்கை வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவீராம். நான் மார்க்கம் நகரில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் இருக்கிறவள். யார் வந்தாலும் சிரிப்பது என் வேலை. ஒரே மாடியில் எதிரெதிர் வீடுகளில் இருந்தோம். உமது மகன் அஜக்ஸ் நகரில் வீடு வாங்கிப் போன பிறகு நீர் தனி. நான் முன்னமே தனி. அரைவாசி அரைவாசியாகக் காசு போட்டு, காரின் பின்னால் இழுத்துப்போய் உள்ளே படுத்தெழும்பக்கூடிய அந்தப் பழைய ட்ரெயிலரை வாங்கினோம். கோயிலில் ஒரு அன்ரி, இரண்டு பொம்பிளைகள் காட்டுக்குள் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சந்தேகத்தோடு கேட்டா. "நித்திரை கொள்ளப் போறம்" என்றீர். அவ அதையும் நம்பவில்லை.

மின்சார இணைப்பு இல்லாத இடங்களில் நிறுத்தத்தான் நமக்கு விருப்பம். புரட்டாதியில் வடக்கே போனபோது, ட்ரெயிலரோடு வந்த ஹீற்றரின் விசிறி ஒரே இரவில் பற்றரி முழுவதையும் குடித்துவிட்டது. விடிய வெளிச்சமும் இல்லை, பம்ப் ஓடாமல் குழாயில் தண்ணீரும் இல்லை. பற்றரி தேவைப்படாத ஹீற்றர் ஒன்று தேட வேண்டும் என்று திரும்பி வரும் வழியிலேயே முடிவெடுத்தோம்.

கடையில் ஒரு இளம் ஆள் சின்னச் சிவப்பு ஹீற்றர் ஒன்றைக் காட்டினான். மலிவு, கையில் தூக்கலாம், உள்ளே வைத்துப் பாவிக்கலாம், ஒக்சிஜன் குறைந்தால் தானாக அணைந்துவிடும் என்றான். எனக்கு அதுவே போதும் போலிருந்தது. நீர் விடவில்லை. ஒக்சிஜன் சரி, காபன் மொனொக்சைட்டை அது கண்டுபிடிக்குமா என்று கேட்டீர். பிரச்சினை வராது, ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள் என்றான். நீர் என் பக்கம் திரும்பினீர்.

"பிரச்சினை வராதெண்டா ஜன்னல் என்னத்துக்கு?"

அவன் அந்த ஹீற்றருக்குப் பக்கத்தில் எப்போதாவது படுத்திருக்கிறானா என்று கேட்டீர். தன்னிடம் ட்ரெயிலரே இல்லை என்றான். அதோடு அவன் கதை முடிந்தது.

கடைசியில் நீர் தெரிந்தெடுத்தது சுவரில் பூட்டுகிற வகை. எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்தே இழுத்து, புகையையும் வெளியே தள்ளும். விசிறி இல்லை. ஜன்னல் திறக்கத் தேவையில்லை. ஆனால் விலை கூட, ட்ரெயிலரின் சுவரில் ஓட்டை வெட்ட வேண்டும், வாயுவும் கூடச் செலவாகும். இவ்வளவு எதற்கு என்றேன். "எனக்கு ஜன்னல் திறந்து படுக்கேலாது" என்றீர்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. மாசிப் பனியிலும் கையுறை இல்லாமல் பஸ் ஓட்டியவர் நீர். ட்ரெயிலரில் ஜன்னலைத் திறந்துவிட்டு என்னை விறைக்க வைத்தவரும் நீர்தான். இப்போது கடைக்குள் எனக்கு வியர்க்கிறது, நீரோ ஜக்கெற்றைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டியபடி நிற்கிறீர்.

பிறகு ஒவ்வொன்றாகக் கவனிக்கத் தொடங்கினேன். வாயு வேலைக்கு உரிமம் உள்ள ஒருவர் வந்து ஹீற்றரைப் பூட்டிவிட்டுப் போனதும், கொளுத்துவதையும் அணைப்பதையும் என்னையே செய்ய வைத்தீர். இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்க்க வைத்தீர். காபன் மொனொக்சைட் அலாரத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, அது எப்போது காலாவதியாகும் என்று வாசிக்க வைத்தீர். வெறும் கார்த்தரிப்பிடத்தில் ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுக்கவும் பழக்கினீர். ஏன் என்று நான் கேட்டால், "உம்மட கையால செய்யும்" என்பதோடு சரி. போன் வந்தால் எழுந்து வெளி நடைக்குப் போய்க் கதைத்தீர். மருமகள் பிள்ளைத்தாய்ச்சி. ஆகவே நீர் அஜக்ஸுக்குப் போகப் போகிறீர், ட்ரெயிலரை என் தலையில் கட்டுகிறீர் என்று முடிவுகட்டினேன். நேரே சொல்லாமல் தயார்படுத்துகிறீர் என்று எரிச்சலாகவும் இருந்தது.

ஐப்பசியில் மறுபடியும் வடக்கே போனோம். பின்னேரம், தூறல். நான்தான் ஹீற்றரைக் கொளுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ட்ரெயிலர் கதகதவென்று வந்தது. நீர் இரண்டு சுவெற்றர் போட்டு, போர்வையும் சுற்றிக்கொண்டு இருந்தீர். எனக்குப் பொறுக்கவில்லை.

"உண்மையச் சொல்லும். அஜக்ஸுக்குப் போறீரோ?"

நீர் கண்ணாடிக்குள் எரிந்த நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தீர்.

"அஜக்ஸுக்கில்லை" என்றீர். "இரத்தத்திலை பிழையாம். அதுதான் இந்தக் குளிர்."

"ஆர் சொன்னது?"

"டொக்டர்மார். ரெண்டு பேர். முதல் ஆளை நான் நம்பேல்லை. நல்லாச் சிரிச்சுக் கதைச்சவர். ரெண்டாவதாப் பாத்த டொக்டர்ப் பிள்ளை சிரிக்கேல்லை. அதாலை நம்பினன்."

வெளியே இறங்கித் தூறலில் ட்ரெயிலரைச் சுற்றி நடந்தேன். ஹீற்றரின் புகைவாய்க்குத் தள்ளிக் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக வந்துகொண்டிருந்தது. ஏன் அப்படிப் பார்த்தேன் என்று தெரியவில்லை; உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஏதோ ஒன்றாவது எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது நீர் இருந்தபடியே நித்திரையாகிவிட்டீர். அலாரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அதை நம்பாமல் உமது நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வைகாசியில் இன்னொருமுறை போனோம். மரமெல்லாம் துளிர்த்த பிறகும் ஹீற்றரை அணைக்க நீர் விடவில்லை. ஆவணியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், தாதி கொண்டுவந்த ஒவ்வொரு மருந்துப் பையையும் என்னிடம் காட்டி, உமது பெயர்தானா என்று வாசிக்கச் சொன்னீர். கடைசிப் பையையும் வாசித்தேன்.

இந்தக் கிழமை நான் முதல்முறையாகத் தனியே போகிறேன். உமது மகன் போன் எடுத்தான். "அன்ரி, இட்ஸ் ஓகே, நாங்கள் ட்ரெயிலரை செல் பண்ணலாம், நீங்கள் தனியப் போக வேண்டாம்" என்றான். விற்கிற யோசனை இல்லை என்றேன். போனை வைக்குமுன் ஒரு கேள்வி நாக்கு நுனிவரை வந்தது.

ட்ரெயிலர் வாங்குவோம் என்று முதலில் சொன்னது நீர்தான். அதுவரை ஒரு பூங்காவில்கூட அரை மணித்தியாலம் இருக்க மாட்டாதவர், ஒரு சனிக்கிழமை காலையில் வந்து என் கதவைத் தட்டி, நாளைக்கே பார்க்கப் போவோம் என்று நின்றீர். என்ன அவசரம் என்று நான் கேட்டதற்கு, எத்தனை மணிக்கு வெளிக்கிடுவோம் என்று திருப்பிக் கேட்டீர். இரத்தத்தில் பிழை என்று அன்றே உமக்குத் தெரியுமா? மகனைக் கேட்டால் சொல்லிவிடுவான்.

கேட்காமலே போனை வைத்தேன். இனியும் கேட்கமாட்டேன். தெரிந்துகொண்டுதான் மற்ற எல்லாக் கதவுகளையும் விட்டுவிட்டு என் கதவைத் தட்டினீர் என்பது என் சந்தேகம். அதை யாரும் தீர்த்துவைக்க நான் விடப்போவதில்லை.