கறியை விட்ட கறிக்கடைக்காரன்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. குளிர்பெட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மச்சான் - என் வீட்டுக்காரியின் தம்பி, கடையில் என்னோடு வெட்டுகிறவன் - வாராவாரம் சொல்லும் அதே ஜோக்கைச் சொன்னான். சிரித்து வைத்தேன். மத்தியானம் இவள் ஈரல் வறுத்து எடுத்து வந்தாள். பசியில்லை என்றேன். பொய். நல்ல பசி.

அப்பா போன பிறகு விடிகாலையில் கண்ணை மூடி உட்காரும் பழக்கம் வந்தது. "எல்லா உயிரும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி முடித்துவிட்டு எழுவேன். இவ்வளவு நாளும் கிளிப்பிள்ளை மாதிரிதான் சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் 'எல்லா' என்கிற இடத்தில் நாக்கு நின்றுவிடுகிறது. எல்லா என்றால் எல்லாம்தானே? அதைச் சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கத்தியை எடுக்கிறேன்.

யாரும் வந்து எனக்குப் போதிக்கவில்லை. நான் சொன்னது என் காதிலேயே விழுந்துவிட்டது.

மார்ச் 10, திங்கள்

கடை விடுமுறை. எனக்கு என்னவோ வியாதி என்று இவள் முடிவு கட்டி டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"கறியே தொட மாட்டேங்குறாரு டாக்டர்."

"நல்லதுதானேம்மா? கொழுப்பு குறையும்."

"உங்களுக்கு நல்லது டாக்டர். நாங்க கறிக்கடை வெச்சிருக்கோம்."

திரும்பி வரும்போது உண்மையைச் சொன்னேன். தெருமுனை வரைக்கும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அப்புறம், "அப்ப, என் கையால ஆக்கினது வேணாம். அதானே?" என்றாள்.

"உன் கை வேணும். கறிதான் வேணாம்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க."

அவளுக்கு ஒன்றுதான். கல்யாணமான புதிதில் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்படுவாள். ஆனால் நல்ல துண்டாகப் பொறுக்கி என் சோற்றுக்கு அடியில் ஒளித்து வைப்பாள். எங்களுக்குள் பேச்சு ஆரம்பித்ததே அப்படித்தான். அதைப் போய் வேண்டாம் என்கிறேன். என்ன மனுஷன் நான்?

மார்ச் 16, ஞாயிறு

மச்சான் ஊரெல்லாம் உளறிவிட்டான். வாரம் தவறாமல் வரும் வாத்தியார், பத்துப் பேர் காதில் விழும்படி, "கடைக்காரரே சாப்பிடலன்னா கறியில ஏதோ இருக்குய்யா" என்றார். கல்லாவிலிருந்து இவள் குரல் வந்தது:

"ஏன் சார், சவப்பெட்டி செய்யறவரு உள்ள படுத்துப் பாத்துட்டா விக்கிறாரு?"

கடையே சிரித்தது. வாத்தியார் வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு முதுகைக் காட்டியே வேலை பார்த்தாள். வெளியே விட்டுக்கொடுக்க மாட்டாள். உள்ளே விடவும் மாட்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

சாப்பிடும்போது மகள் குட்டி, "ஏம்ப்பா நீ கறி சாப்பிடறதில்ல?" என்று கேட்டாள். பிள்ளை கேட்கிறதே என்று ஆரம்பித்தேன். உயிர், வலி, கண், பயம் - போய்க்கொண்டே இருந்தது. குட்டி கையிலிருந்த எலும்பைத் தட்டில் வைத்துவிட்டாள்.

இவள் எழுந்துவிட்டாள். "சாமியாராப் போறதுன்னா தாராளமாப் போங்க. எங்க தட்டுல கை வெக்காதீங்க."

சரியாகத்தான் சொன்னாள். தின்பதை நிறுத்திய வாய் கடிக்க ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 19, புதன்

குட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ ரொம்ப நேரம் பேசினப்பா. ஆறிப்போச்சு, அதான் வெச்சிட்டேன்" என்றாள்.

ஏப்ரல் 5, சனி

இடது கட்டைவிரலில் தையல். வலது கை தப்பியதால் எழுதுகிறேன்.

என் கை தானாகவே போகும். எத்தனையோ வருஷமாக நான் கையைப் பார்த்து வெட்டியதில்லை. இன்று பார்த்தேன். பார்த்ததும் கை நின்றது, கத்தி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் இவள் என் கையைத் தன் முந்தானையில் சுற்றி மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"உங்க கை தயங்குது. நானும் கொஞ்ச நாளாப் பாத்துட்டுத்தான் இருக்கேன். நாளைலேர்ந்து நீங்க வெட்டுற கட்டை முன்னாடி நிக்க வேணாம்."

"கடையை என்ன பண்றது?"

"அது எங்கப்பா கடைங்க. நான் நடக்கப் பழகினதே அந்தக் கட்டையைப் பிடிச்சுத்தான். உங்களைவிட நான் நல்லா வெட்டுவேன். உங்க மனசு நோகுமேன்னு கல்லாவுல உக்காந்திருந்தேன்."

அடிப்பாவி! இத்தனை வருஷமாகவா?

வலியிலும் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். பிறகு அழுதாள். நானும்தான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வேலை கிடைத்தது. அதே மார்க்கெட், எதிர் வரிசை, காய்கறிக்கடை. கடைக்கார அக்கா, "மூட்டை தூக்குவீங்களா?" என்றார். முழு ஆட்டையே தோளில் போட்டுத் தூக்கியவனைக் கேட்கிற கேள்வியா அது? முட்டைக்கோஸ் என்ன கனம் கனத்துவிடப் போகிறது? (கனக்கிறது.)

"மாமா கட்சி மாறிட்டாரு!" என்று மச்சான் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் கத்துகிறான். அவனுக்கு ஒரு புது ஜோக் கிடைத்துவிட்டது.

நான் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் இவள் வெட்டுவது தெரிகிறது. பொய்யில்லை, என்னைவிட நன்றாகத்தான் வெட்டுகிறாள்.

மே 14, புதன்

ராத்திரிச் சமையல் இப்போது என் பொறுப்பு. நான் செய்கிற பருப்பையும் கீரையையும் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறாள். மெலிந்த மாதிரி இருக்கிறாளே என்று குட்டியிடம் கேட்டேன்.

"அம்மா வீட்ல கறி ஆக்கறதே இல்லல்லப்பா. கடையில நின்னுக்கிட்டே எதையாவது சாப்பிட்டுக்கறாங்க. உனக்கு வாசனை கஷ்டமா இருக்குமாம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

நான் விட்டது என் வாய்க்காக. அவளிடம் விடச் சொல்லி யார் கேட்டது? நான் கேட்கவில்லை. ஆனால் கவனிக்கவும் இல்லையே.

மே 18, ஞாயிறு

வேலை முடிந்ததும் எதிர் வரிசைக்குப் போய் மற்றவர்களோடு நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது தலை நிமிராமலே, "என்ன வேணும்?" என்றாள்.

"அரைக் கிலோ."

குரல் கேட்டு நிமிர்ந்தாள். "யாருக்கு?"

"வீட்டுக்காரிக்கு. வேலை பாத்துட்டுக் களைச்சு வருவா."

பின்னால் நின்ற வாத்தியார் செருமினார். இவள் கத்தியை எடுத்தாள். வெட்டினாள், கட்டிக் கொடுத்தாள். முகம் முழுக்கச் சிவந்திருந்தது.

வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சமைத்தேன். வாசனை கஷ்டமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ருசி பார்க்க முடியாததால் குட்டியைக் கூப்பிட்டேன். அவள் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "சரியா இருக்கு" என்றாள். நம்பினேன்.

இவள் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் என் கீரையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வாய் வைத்தாள்.

"உப்பு தூக்கலா இருக்குங்க."

இரண்டு செம்பு தண்ணீர் குடித்தாள். ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.