ஈயம் விடுபட்டது

நாள் 61. காலை 6.00. வழக்கப் பதிவு.

இதைக் கண்டெடுப்போரே, வணக்கம். செங்கழிக் கோளின் ஒரே ஆறு கடலைத் தொடும் கழிமுகம் இது. எழுதுபவன் நீராய்வாளன் நன்மாறன். நிலையத்தில் நான் ஒருவனே.

ஆற்றுநீர் கறுப்பு. அழுகிய தழைகளின் கரிமம் அதில் கரைந்திருக்கிறது. மலைப்பாறைகள் உமிழும் ஈயத்தை அக்கரிமமே பற்றிப் பிணித்து வருகிறது. சற்று மேலே, ஆழிக்குடியின் கரிப்படுகை கரிமத்தை வடிக்கிறது. அதனோடு ஈயமும் படுகையில் தங்கிவிடுகிறது. ஓர் ஊர் முழுதும் உயிர்வாழ்வது அந்தப் பிணைப்பால்!

ஈயம்: முழுதும் கட்டுண்டது. உவர்ப்பு: இல்லை.

நாள் 70. மாலை 5.20.

மழை பொய்த்தது, ஆறு இளைத்தது, கடல் உள்ளே ஏறுகிறது. மின்கல அறையிலும் உப்புநீர் புகுந்தது. நிலையத்தைச் சுற்றிலும் அலை. நீர் இறங்கும்வரை படகு எடுக்க வழியில்லை.

நாள் 72. காலை 9.10.

ஆற்றுநீரில் சிறிது சிறிதாகக் கடலுப்பைக் கூட்டிப் பார்த்தேன். உப்போடு வரும் சுண்ணம் கரிமத்தில் ஈயம் இருந்த இடங்களைக் கைப்பற்றுகிறது. குளோரைடோ வெளியேறிய ஈயத்தைத் தழுவி நீரிலேயே நிறுத்திக்கொள்கிறது. கரிமம் திரண்டு அடியில் படிகிறது. நீர் தெளிகிறது. ஈயம் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் தனித்து உலவுகிறது. கரிப்படுகை அதைப் பிடிக்காது. கறுத்த நீர் காத்தது; தெளிந்த நீர் கொல்லும்!

நாள் 72. பகல் 11.40. வந்த செய்தி.

ஆழிக்குடிக்கு ஆற்றுநீரை விடும் மதகைக் காப்பவள் என் தங்கை செந்தாழை. அவள் குரல்:

"அண்ணே, தண்ணி கண்ணாடி மாதிரி வந்து நிக்குது. லேசா உப்புக் கரிக்குது, அவ்வளவுதான். உன் மருமவ கையில டம்ளரோட என் உசுர வாங்குறா. மதகத் தொறக்கவா? இந்தா, மேடைப் பேச்செல்லாம் வேணாம். பேட்டரி செத்துரும். ரெண்டே வார்த்தை!"

இரண்டே சொல். ஊர் மேடைகளில் மூன்று மணி நேரம் முழங்கிய நாவுக்கு இரண்டே சொல்! உப்புநீரில் நனைந்த செய்தி அனுப்பியின் பெரிய மின்கலம் அதற்கு மேல் தாங்காது என்பதும் உண்மை. தேர்ந்தெடுத்தேன். அனுப்பினேன்:

"ஈயம் விடுபட்டது."

கட்டுண்டது கட்டறுத்தது. இதனினும் கூர்மையாக எவன் சொல்வான்?

நாள் 72. பகல் 12.05. வந்த செய்தி.

"அண்ணே! நீ நல்லா இருக்கணும்! ஈயம் விட்டுப்போச்சாம்னு ஊரு பூரா சொல்லிட்டேன். மதகத் தொறந்தாச்சு. இனிமே கறுப்புத் தண்ணிய வடிகட்டிக் காப்பி போட வேணாம்னு கிழவனுங்க ஆடுறானுங்க. உனக்கும் ஒரு குடம் எடுத்து வச்சிருக்கேன்!"

விடுபட்டது.

ஒரு பெயர் விடுபட்டது என்றால் அந்தப் பெயர் அங்கே இல்லை. ஈயம் விடுபட்டது என்றால்…

நான் சொன்னது கரிமத்திலிருந்து. அவள் கேட்டது நீரிலிருந்து. எதிலிருந்து என்ற ஒரே சொல்லை அழகுக்காக நான் அறுத்தெறிந்தேன்.

நாள் 72. பகல் 1.30.

அனுப்பியில் உயிரில்லை. செய்தி வாங்கும் கேட்பானும் இக்குறிப்புக் கருவியும் ஒரே சிறு மின்கலத்தில் ஓடுகின்றன. அதைக் கழற்றி அனுப்பியில் பொருத்த முயன்றேன், பொருந்தவில்லை. பெருங்கலத்தின் தகடுகளைச் சுரண்டி வெயிலில் வைத்திருக்கிறேன். சூடேறட்டும். ஏறு! ஏறு!

கேட்பானில் ஊரின் ஒலி. செந்தாழை அலைவரிசையை மூடவில்லை. குடங்கள் மோதுகின்றன. சிறு பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "இன்னொரு டம்ளரும்மா" என்கிறது ஒரு குரல். என் மருமகள் குரல் அது.

நாள் 72. பிற்பகல் 3.00.

அனுப்பியின் விளக்கு எரிந்தது! ஒரு சொல்லுக்குப் போதும். ஐயத்துக்கு இடமில்லாத சொல். குழந்தைக்கும் விளங்கும் சொல். அனுப்பினேன்:

"குடிக்காதீர்."

பாதியில் விளக்கு அணைந்தது. எவ்வளவு போயிற்று? எவ்வளவு போயிற்று?

3.04. வந்த செய்தி.

"அண்ணே, பாதிதான் வந்துச்சு. 'குடிக்க'ன்னு கேட்டுச்சு, அப்புறம் கொரகொரன்னு ஒரே இரைச்சல். குடிக்கத்தானே சொல்ற? நீ சொல்லித்தான் குடிக்கணுமா! புள்ளைங்க வயிறு முட்டக் குடிச்சிட்டுத் தூங்குதுங்க."

3.20. சிறுகலமும் மங்குகிறது.

எம் மொழியில் மறுப்பு சொல்லின் கடைசியில் வரும். கடைசிவரை கேட்பார்கள் என்று நம்பியே வாழ்நாளெல்லாம் பேசினேன்.

கண்டெடுப்போரே, நீங்கள் ஆழிக்குடி வழியாக வந்திருந்தால், தெளிந்த நீர் நிறைந்த குடம் ஒன்று எனக்கென அங்கே இருக்கும். தாகமாயிருந்தாலும் அதைக் குடிக்க