உன் கால் பட்டதால் இல்லை

பூண்டி,
சித்திரை 22

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அம்மா முருகம்மாள் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி மனோஜும் முருகன் புண்ணியத்தில் சுகம். நீயும் மாப்பிள்ளையும் கனடாக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். நாலு நாளாக நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதி, போனில் படம் பிடித்து அனுப்பும்படி மனோஜிடம் சொல்கிறேன். முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன் தாயி, அப்பாவின் முதுகெலும்பில் விரிசல் விழுந்தது உன்னால் இல்லை.

போன வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மார்கழி லீவில் நீ வந்தபோது அப்பா குப்புறப் படுத்து உன்னை மிதிக்கச் சொன்னாரே, அதுதான் நினைவுக்கு வந்தது. கால் முன்னால் வந்து பிறந்த பிள்ளை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று உன் ஆறு வயதிலிருந்து முதுகில் ஏற்றுகிறவர்தானே அவர். உனக்கு இப்போது முப்பத்திமூன்று, அவருக்கு அறுபத்தொன்பது என்பதை மூன்று பேருமே மறந்துபோனோம். நல்லா மிதி என்று பக்கத்தில் நின்று சொன்னவளே நான்தான். அப்படியிருந்தும், நீ மிதித்துத்தான் உடைந்தது என்று உன்னிடமே போனில் வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

நேற்று கொடைக்கானலில், கையாலேயே முதுகைச் சரிசெய்கிற அந்தக் கைரோபிராக்டிக் டாக்டரம்மாவிடம் மறுபடி போனோம். செல்போன் வீடியோவைப் பார்த்துவிட்டு, சடசடவென்று நெட்டி முறிப்பார்கள் என்று ஆசையாகப் போனவர் உன் அப்பா. படம் எடுக்காமல் தொடவே மாட்டேன் என்று முதல் தடவையே சொன்னவர் அந்தம்மாதான். எலும்பு மெலிந்த வயதில் முறிக்கவும் கூடாது, மிதிக்கவும் கூடாதாம். யாராவது மிதித்தார்களா என்று கேட்டார். நான் உன் பேரைச் சொல்ல வாயெடுத்தேன், அப்பா முந்திக்கொண்டார்.

"எம் மக மிதிச்சதுல இல்லம்மா. மாசியில பூண்டு கட்டித் தொங்கவிடப் பரண்ல ஏறுனேன், ஏணி சறுக்கி உக்காந்தவாக்குல விழுந்துட்டேன்."

ஏறாதே என்று நான் சொன்னதால் என்னிடம் மறைத்திருக்கிறார். உன்னைக் காப்பாற்றக் கதை விடுகிறாரோ என்றுகூட நினைத்தேன். தை மாதம் இருமலுக்கு எடுத்த நெஞ்சுப் படமும் பையில் இருந்தது. டாக்டரம்மா இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெஞ்சுப் படத்திலும் அந்த முதுகெலும்பு தெரிகிறதாம், தையில் அது முழுசாக இருக்கிறது. நீ விமானம் ஏறி மூன்று வாரம் கழித்து எடுத்த படம் அது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

எலும்பு டாக்டரும் ஆபரேஷன் வேண்டாம், பெல்ட்டும் மாத்திரையும் போதும் என்றுவிட்டார். டாக்டரம்மா மூச்சுப் பயிற்சியும், நாற்காலியில் கையூன்றாமல் எழும் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். ஒரு சத்தம்கூட வரவில்லையே, இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று வழியெல்லாம் புலம்பினார் அப்பா. ஆனால் இன்று காலையில் தானாக எழுந்து பல் விளக்கினார். ஏணியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

நீயும் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே, வேளைக்குச் சாப்பிடு. இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருசம் நன்றாக இருங்கள். நாளைக் காலையில் கூப்பிடுவேன், எடு. தப்பு என்னுடையது தாயி. என்னோடு பேசப் பிடிக்காவிட்டாலும் எடு, அப்பாவிடம் கொடுத்துவிட்டு நான் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன்.

உன் அம்மா
அ. முருகம்மாள்