நிறுத்தக்கூடாத மாத்திரை

என் வூட்டுக்காரருக்கு எழுதுறது.

மறியல்ல உங்கள ஜெயிலுக்குக் கொண்டுபோனதிலேருந்து நெஞ்செரிச்சல் எப்படி இருக்குது? மாத்திரை அனுப்பியிருக்கேன். காலையில ஒண்ணு, படுக்கும்போது ஒண்ணு போட்டுக்குங்க. எரிச்சல் கம்மியானாலும் நீங்களா நிறுத்தக்கூடாதுன்னு சங்கராபுரம் டாக்டர் கண்டிச்சு சொன்னாரு. சாப்பிட்டவுடனே படுக்காதீங்க. நம்ம வூட்டு மாதிரி கட்டில் தலைமாட்டுக்கு அங்க செங்கல் கெடைக்காது, போர்வைய மடிச்சு வச்சுக்குங்க.

ரோட்ட அடைச்சிருந்த வாரம் மருந்துக்கடை தொறக்கல. உங்கப்பாவுக்கும் அதே மாத்திரைதானே. போட்டீங்களான்னு கேட்டா, "இன்னா சும்மா கேட்டுக்கினே இருக்க, போட்டாச்சு"ன்னு எரிஞ்சு விழுவாரு.

வியாழக்கிழமை ரத்தமா வாந்தி எடுத்தாரு. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரு புடிச்சோம். மறியலுக்கு ரோட்டுல நீங்க வெட்டிப் போட்ட புளியமரம் வரைக்கும்தான் காரு போச்சு.

உங்க தம்பிதான் கொள்ளி வச்சாரு.

உங்கப்பா தலகாணிக்கு அடியில ஒரு துணி முடிச்சு இருந்துச்சு. "ஜெயில்ல எம்மவனுக்கு யாரு மாத்திரை தருவா"ன்னு பக்கத்து வூட்டுல சொன்னாராம். அவரு முழுங்காம உங்களுக்குச் சேத்து வச்ச மாத்திரைதான் நான் அனுப்புறது. வேற எங்கயும் கெடைக்கல.

ஒண்ணக்கூட வீணாக்காதீங்க.

இப்படிக்கு,
உங்கப்பாவோட மருமவ