விளிம்பில் பாதி கறுப்பு

நவ. 8, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. பள்ளிக்கூடம் லீவு. நேற்று ராத்திரிச் சோற்றுக்கு வைத்த புதுக் குக்கர் வெடித்தது. வெயிட்டுப் போட்டால் 'வெயிட்' பண்ண வேண்டாமா? குக்கர் பண்ணவில்லை. (இந்த ஜோக்கை யாரிடமும் சொல்லவில்லை.) மூடி பறந்து, கொதிகஞ்சி ஸ்டெல்லா அக்கா முகத்தில். இடது கண்ணில் கட்டு. பார்வை வருமா? கட்டு அவிழ்த்தால்தான் தெரியுமாம்.

துண்டுகளைப் பொறுக்கியது நான். மூடியின் உடைந்த விளிம்பில் பாதி பளபள வெள்ளை, பாதி கறுப்பு. சாக்கில் போட்டுக் கட்டியாயிற்று.

நவ. 9, புதன்
அப்பாவோடு, குக்கர் வாங்கிய பாத்திரக்கடைக்கு. முதலாளி என்னைப் பார்த்ததும்:

"இந்தப் புள்ளதானே என் சைக்கிள்ல காத்தப் புடுங்கி விட்டது? விசில் ஓட்டையில எதையாவது அடைச்சிருப்பான். கம்பெனிக்கு அப்படித்தான் எழுதுவேன்."

சைக்கிள் நான்தான். குக்கர் நான் இல்லை. திரும்பும் வழியில் வரிச்சிக்குடி பஸ் எங்கள் மேல் சேறடித்தது, அப்பா அதைக்கூடத் திட்டவில்லை. வீட்டு வாசலில் நின்று, "மாதா மேல ஆணையா சொல்லு. நீ ஒண்ணும் பண்ணலையே?"

ஆணையிட்டேன். அப்பாவுமா?

நவ. 10, வியாழன்
மாதா கோயில் சாமியார் சொல்லி ஒரு வக்கீல் வந்தார். ஃபீஸ் வேண்டாமாம். "புதுச் சட்டம் வந்திருக்குங்க. சரக்குல கோளாறுன்னு காட்டிட்டா, கண் வைத்தியத்துக்குக் கம்பெனி கொடுத்தாகணும். ஞாயித்துக்கிழமை நானே வந்து குக்கரைப் பாக்குறேன்."

நவ. 13, ஞாயிறு
பூசை முடிந்து வக்கீல் வந்தார். சாக்கை அவிழ்த்தார். குக்கர் கண்ணாடி மாதிரி மின்னியது. அம்மா நேற்றே சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு, உடைந்த விளிம்பு வரை தேய்த்திருக்கிறாள்.

"பெரிய மனுஷர் வர்றீங்க. கரிப் பாத்திரத்தையா காட்டுறது?"

"தடயமே போச்சே" என்று வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் மெதுவாக, "விளிம்புல பாதி கறுப்பா இருந்துச்சுங்க."

நிமிர்ந்தார். "கறுப்பா? அப்ப அது முன்னாடியே விட்ட விரிசல், புதுசா உடைஞ்ச எடம் வெள்ளையால்ல இருக்கும். செய்யும்போதே விழுந்த கோளாறு. வேற யாரு பாத்தா?"

யாருமில்லை.

"அப்ப சாட்சி நீதான், தம்பி."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நவ. 15, செவ்வாய்
வக்கீல் வீட்டில் ஒத்திகை. அவரே எதிர்த்தரப்பு வக்கீலாக நடித்தார்.

"வாத்தியார் நாற்காலியில பசை தடவினது யாரு?"
"நான்தாங்க."
"சைக்கிள்ல காத்து?"
"அதுவும்."
"அப்ப கறுப்புங்கிறதும் உன் புளுகுதானே?"
"இல்லீங்க."
"சிரிக்கிறியே, தம்பி."

பயந்தால் என் வாய் தானாக இளிக்கும். சின்ன வயதிலிருந்தே. கோர்ட்டில் இளித்தால் அக்கா கண் போச்சு.

நாளைக்கு: அக்காவுக்குச் சொட்டு மருந்து. கணக்கு வீட்டுப்பாடம். சிரிக்காமலிருக்கப் பழகுவது.

நவ. 16, புதன்
மழை விட்டது. மருந்து வாங்கியாயிற்று. கணக்கு போடவில்லை. கண்ணாடி முன்னால் இளிக்காமல் ஒருதடவைகூடச் சொல்ல முடியவில்லை.

அக்கா படுத்தபடியே கூப்பிட்டாள். "உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே நம்பத் தோணாதுடா. கட்டுப் போட்ட பக்கமா வந்து நின்னு சொல்லு."

போய் நின்றேன். சொன்னேன். பாதி வெள்ளை, பாதி கறுப்பு.

அக்கா திரும்பவில்லை.

"இப்ப நம்பத் தோணுதுடா. இன்னொரு தடவ சொல்லு."