'பாக்கலாங்க' என்றால் சம்மதமாம்

வகுப்பின் முதல் நாளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்னை 'அம்மணி' என்று கூப்பிட்ட பல்கீஸ் அக்காவுக்கு,

துறை வாசலில் உன் படத்தை மாட்டியிருக்கிறார்கள். சந்தன மாலை, சிவப்பு பல்பு, கீழே ஊதுபத்தி. உங்கள் வீட்டில் இப்படியெல்லாம் செய்யமாட்டார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உலகத்துப் பண்பாடு அத்தனையும் கரைத்துக் குடித்த துறையல்லவா நம்முடையது. தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன்.

உலகளாவிய ஆய்வியல் எம்.ஏ. தொடங்குகிறார்கள் என்றதும் எவ்வளவு ஆசையாகச் சேர்ந்தோம். "உலகத்தப் படிச்சுப்போட்டு அவிநாசியில என்ன பண்ணுவ?" என்று எங்கள் அப்பா கேட்டார். வரலாறு, பொருளாதாரம், அரசியல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த படிப்பு என்று பெருமையாகச் சொன்னேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, தங்கள் துறையில் யாரோடும் ஒத்துப்போகாத பேராசிரியர்களைத்தான் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று. நீ அதற்கு அவியல் என்று பெயர் வைத்தாய். பிறகு, அவியலைக் கேவலப்படுத்தக் கூடாது என்று நீயே அதை வாபஸ் வாங்கினாய்.

உனக்குச் சொல்ல வேண்டிய சேதி வேறு. பல்லடம் பக்கத்து ஊரில் நாம் செய்த கள ஆய்வு புத்தகமாக அச்சாகிவிட்டது. சாயப்பட்டறை கட்ட வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நிலம் கேட்கிறதே, ஊர்க்காரர்களுக்குச் சம்மதமா என்று வீடு வீடாய்ப் போய்க் கேட்டோமே, அந்த ஆய்வு. முடிவு என்ன தெரியுமா? ஊரே சம்மதம் சொல்லிவிட்டதாம்.

அந்த ஊர் ராமசாமி ஐயா வீட்டில் மோர் குடித்தது ஞாபகம் இருக்கிறதா? துறைத்தலைவரும் அன்றைக்கு நம்முடன் வந்திருந்தார். மெட்ராஸ்காரர், வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது. கட்டிலில் வேட்டியை விரித்து அவரை உட்கார வைத்து, அவர் கேட்டதற்கெல்லாம் ஐயா தலையாட்டினார். கடைசியில், நிலம் கொடுப்பீர்களா என்றதற்கு, "பாக்கலாங்க" என்றார். சார் மலர்ந்துபோய், சம்மதம் என்று குறித்துக்கொண்டார்.

உனக்கு மனசு கேட்கவில்லை. சார் ஜீப்பில் ஏறியதும் நீ திரும்பி ஓடினாய், நானும் பின்னாலேயே வந்தேன். "ஏனுங்க ஐயா, பாக்கலாங்கன்னா குடுப்பீங்களா, மாட்டீங்களாங்க?" என்று கேட்டாய். அவர் சிரித்துவிட்டார். "நீ இந்தப் பக்கத்துப் புள்ளதான கண்ணு, உனக்குத் தெரியாதா? ஊட்டுக்கு வந்தவங்க மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்புடிச் சொல்றது? நெலத்தக் குடுத்துப்போட்டு நாங்க எங்க போறது?"

மறுநாள் துறைத்தலைவர் அறையில் நீ பேசியதை நான் மறக்கவே மாட்டேன். "சார், டவுன்ஹால்ல எங்க அத்தா லுங்கிக் கடைக்கு ஒருக்கா வாங்க. கடையில இருக்கற துணியப் பூராம் பிரிச்சுப் பாத்துப்போட்டு, பாக்கலாங்கன்னு சொல்லீட்டுப் போனவங்க ஒருத்தராச்சும் திரும்பி வந்திருக்காங்களான்னு அவரக் கேளுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது சைகாலஜிம்மா. நம்ம மெதடாலஜியில அது வராது. முடியாதுன்னு அவங்க வாயால சொன்னாங்களா? சொல்லலையே."

புரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்துவிடலாம், அக்கா. நீ இவ்வளவு எடுத்துச் சொன்ன பிறகும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இந்த ஆய்வை வாசிக்கத் துறை நடத்தும் கருத்தரங்கின் செலவு பூராவும் அந்தக் கம்பெனியுடையது என்பது இப்போதுதான் வெளியே வருகிறது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை என்ன செய்வது?

இதற்கு நடுவில்தான் உனக்குக் காமாலை வந்தது. படுக்கையில் கிடந்துகொண்டு, "அந்தச் சம்மதம்கற வார்த்தைய மாத்தச் சொல்லு அம்மணி" என்று நீ முனகியதை ஜுரப் பிதற்றல் என்று நினைத்து உன் அம்மா அழுதார்கள். அது பிதற்றல் இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினால் உன் போட்டோ. 'எங்கள் அன்பு மாணவியின் நினைவுக்கு' என்று போட்டிருக்கிறார்கள். நீ எதை எதிர்த்துச் சண்டை போட்டாயோ, அதையே உனக்குக் காணிக்கையாக்கிவிட்டார்கள். சீ. கையில் வாங்கியதும் கைகழுவப் போனேன், நிஜமாகவே. இவர்களுக்கெல்லாம் ராத்திரி தூக்கம் வருமா? வரும் என்றுதான் தோன்றுகிறது.

நாளைக்குக் கருத்தரங்கு. ஹோட்டல் ஹாலில் ஏசி போட்டு, 'உலகமே ஒரு கிராமம்' என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். மேடையில் கம்பெனிக்காரர்கள், வெளிநாட்டு விருந்தாளிகள், பொன்னாடைகள். அந்த ஊரிலிருந்து ஒருத்தரையும் கூப்பிடவில்லை. கிராமத்தில் கிராமத்தான் மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

இன்றைக்குக் காலையில் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "பல்கீஸ் வாசிக்க வேண்டியது. அவ இடத்துல நீ வாசிச்சாத்தான் பொருத்தமா இருக்கும். அவ ஆத்மாவும் சாந்தியடையும். சம்மதம் தந்த பகுதிய நல்லா அழுத்தி வாசி." என் மதிப்பெண் அவர் கையில்தான் இருக்கிறது என்பதையும், சிரித்துக்கொண்டே, சொல்லாமல் சொன்னார். உன் ஆத்மாவை எனக்கு அறிமுகப்படுத்த இவர் யார்? என்னால் முடிந்த அளவு பணிவாக ஒரே ஒரு பதில் சொன்னேன்.

"பாக்கலாங்க சார்."

"வெரி குட்" என்றார்.

நேராக உன் அத்தா கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பிரித்த லுங்கியை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே கல்லாவில் சாய்ந்து சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்புள்ள இருந்திருந்தா இதத்தான் சொல்லியிருக்கும்" என்றார்.

அங்கிருந்தே பல்லடம் பஸ் ஏறினேன். ராமசாமி ஐயாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, நாளைக்கு ஹாலுக்கு வர முடியுமா என்று கேட்டேன். அவர் வாயிலிருந்து 'பாக்கலாங்க' வந்துவிடுமோ என்று பயந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

"வாரேன் அம்மணி. ஊர்க்காரங்களையும் கூட்டிக்கிட்டு வாரேன்."

நாளைக்கு நான் மேடையேறுவேன், அக்கா. அந்தப் புத்தகத்தைத் திறக்கமாட்டேன். 'பாக்கலாங்க' என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லிவிட்டு, மைக்கை ஐயா கையில் கொடுப்பேன். 'முடியாது' என்று அவரையே வாயால் சொல்லச் சொல்வேன். பட்டம் வந்தால் வரட்டும், போனால் போகட்டும். முடித்ததும் துறை வாசலில் உன் படத்தில் தொங்கும் அந்த மாலையைக் கழற்றிப்போட்டு, உன்னைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வாரேன்.

'பாக்கலாங்க' இல்லை அக்கா. வாரேன்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
சுமதி