சுவருக்குப் போட்ட கும்பிடு

வயிரவன் அப்பச்சிக்கு,

நம் பிள்ளை வயிரவனைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை டாக்டரிடம் போகிறேன். "அஞ்சு மாசத்துலயே கும்புடுறான் பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறீர்களே, இன்று விடிந்ததும் வெறும் சுவருக்குப் பதினேழு கும்பிடு போட்டான். ஒவ்வொன்றுக்கும் உடம்பு வெட்டியது, முடிந்ததும் அழுதான். இது மரியாதை இல்லை, வலிப்பு என்று சொன்னதற்குத்தான் நேற்று என்மேல் எரிந்து விழுந்தீர்கள்.

சோறு வடித்தாயிற்று, குழம்பு உறியில் இருக்கிறது. பிள்ளை கும்பிடுவதைப் பார்க்க நீங்கள் அழைத்த சாத்தப்ப அண்ணன் பத்து மணிக்கு வருவார். அவருக்கு நீங்களே ஒரு கும்பிடு போட்டுக் காப்பி கொடுங்கள்.

சாலா

ஒன்று எழுதாமல் விட்டேன். அவன் சிரித்து நாலு நாளாகிறது. டாக்டர் வெறும் கும்பிடுதான் என்று சொல்லிவிட்டால், நடுத்தெருவிலேயே உங்கள் காலில் விழுகிறேன். இந்தச் சண்டையில் நான் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போகிறேன்.